பூஸ்டர் மாட்டிய கார்

“இப்பக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வருகிற சின்ன இடைவெளி அது. கடைக்குள் ஏற்றி நிறுத்தியிருந்த காரின் கதவுகள் எல்லாமே சாத்தியிருந்தன. புது ரப்பர் மிதியடியின் வாசனையும், டாக்டரின் கையிலிருந்து வந்த கிராம்பு எண்ணெய் வாசனையும், எப்போதோ யாரோ இருக்கையில் சிந்திக் காய்ந்த பாலின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டை வரை இறங்கின. அவன் கண்ணை மூடித் தலையை லேசாகச் சாய்த்தான். கடைக்கு வருகிறவர்கள் அவனிடம் எதிர்பார்க்கிற சாய்ப்பு அது. அதைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது, டாக்டர் தன் பக்கத்துக் கதவின் ஸ்பீக்கரை ஒட்டியிருந்த முழங்காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். தெரியாத நாய் ஒன்று கிட்டே வந்து மோப்பம் பிடிக்கும்போது காலை இழுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க” என்றான் அவன்.

சொன்ன உடனே காது மடல்கள் சூடாகின. இப்போதெல்லாம் பொய் சொன்னால் அவனுக்கு முதலில் சுடுவது காதுதான்.

அந்த வட்டாரத்தில் அவனைப் ‘பாம்புக்காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். காருக்கு ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டுகிற வேலை. கதவைத் திறக்காமலே, பாட்டைக் கேட்டே, எந்த ஸ்பீக்கரில் எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மற்ற கடைக்காரர்கள்கூடக் கோளாறு தீராத வண்டிகளை அவனிடம் அனுப்பி வைத்தார்கள். வீட்டில் ராத்திரி ஒரு குழாய் சொட்டினால் தூக்கத்திலிருந்து எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து படுக்கிறவன் அவன்.

அதெல்லாம் போன கதை. இடக்காதில் முதலில் கொசு போல ஒரு ரீங்காரம் வந்தது. பிறகு அதுவும் அடங்கி, ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. வலக்காது மேல்ஸ்தாயியிலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. குருவிகள் போயின. கைப்பேசி மணி போனது. பேச்சில் சகரங்கள் போயின. ஆட்களின் உதட்டைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ளப் பழகியிருந்தான். கடையில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டான். ‘பாட்டுச் சத்தத்துல காதுல விழலைங்க’ என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டுமே. மனைவியிடமும் சொல்லவில்லை. நடக்கும்போது அவளுடைய இடப்பக்கம் வருவதுபோலப் பார்த்துக்கொண்டான். அவள் பேச்சு வலக்காதில் விழும். அவள் அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண் போன ஓவியனைப் பார்த்து ஊர் உச்சுக் கொட்டும். காது போன சவுண்டுக்காரனைப் பார்த்தால் சிரிப்பு வருமே தவிர வேறென்ன வரும் என்று அவன் நினைத்தான்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு டாக்சிக்காரர் வந்து, வண்டியை எடுக்கத் தாமதமானதற்கு ஏதோ காரணம் சொன்னார். அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசியதில் உதடு தெரியவில்லை. ‘அப்பா’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. “சந்தோஷம்ங்க, நல்லபடியா நடக்கட்டும்” என்று இவன் வாய் நிறையச் சிரித்தான். டாக்சிக்காரர் தலையை நிமிர்த்தி வெகுநேரம் இவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மழித்திருந்த தலையும் வீங்கிய கண்களும் அப்போதுதான் இவனுக்குத் தெரிந்தன. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். அதற்குப் பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். புரியாவிட்டால் ‘ஆமாங்க’. அதுவும் பொருந்தாது என்று தோன்றினால் ‘சரி’.

“இந்தக் கார நான் வாங்கினப்பவே இது இருந்துச்சு” என்றார் பல் டாக்டர். நேருக்கு நேர் பார்த்துத் தெளிவாகப் பேசுகிறவர் அவர். நோயாளிகளிடம் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியதாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் நன்றாக அசைந்தது. “பாட்டு சத்தமா இருக்கறப்ப தெரியாது. சத்தம் கம்மியாகறப்ப அடியில இருந்து வரும். பூஸ்டர்னு ஒண்ணு இருக்காமே. அதப் போட்டா சவுண்டு சுத்தமாயிடும்னு கிளினிக்ல சொன்னாங்க. போடலாமா?”

இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பிரசங்கமே இருந்தது. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறான். பூஸ்டர் என்பது சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு டப்பா. ஸ்டீரியோவிலிருந்து வருகிற மெலிந்த சிக்னலைத் தூக்கிக் கொடுத்து ஆம்புக்கு அனுப்பும். நீளமான ஒயர் வழியில் சிக்னல் எஞ்சின் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டால், அந்த இடத்தில் அது உதவும். மற்றபடி சத்தம் கூடுமே ஒழியத் தரம் கூடாது. வருகிறதிலேயே அழுக்கு இருந்தால் அந்த அழுக்கையும் சேர்த்துத் தூக்கித்தான் கொடுக்கும். முதலில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லி எத்தனையோ வியாபாரத்தை அவனே கெடுத்துக்கொண்டிருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு கர்வமும் உண்டு.

ஆனால் அழுக்கு எங்கே என்று பார்க்க முதலில் அது காதில் விழ வேண்டும். என்ன மாதிரிச் சத்தம், உரசலா, ரீங்காரமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், ‘நீங்கதான் இப்பக் கேட்டுச்சுன்னீங்களே’ என்பார்.

“போட்டா சரியாயிடும்ங்க” என்றான்.

மறுநாள் மதியம் மாட்டினான். முன்னிருக்கையின் அடியில் கம்பளத்தைக் கிழிக்காமல் மடித்து, சிவப்பும் வெள்ளையுமான முனைகளைப் பூஸ்டரில் செருகி, பழைய முள் மீட்டரை வைத்து அளவு பார்த்தான். காது ஏமாற்றத் தொடங்கிய பிறகு அந்த மீட்டர்தான் அவனுக்குக் காது. பாட்டைப் போட்டான், முள் துள்ளியது. பாட்டை நிறுத்தினான். முள் பூஜ்யத்தில் போய் விழவேண்டும். விழவில்லை. மெல்ல எழுந்தது, மெல்லத் தாழ்ந்தது, கொஞ்சம் நின்று யோசிப்பதுபோலத் தயங்கி, மறுபடி எழுந்தது. எஞ்சின் ஓடவில்லை. பக்கத்தில் எந்த மோட்டாரும் இல்லை. தூங்குகிறவனின் வயிறு போல அந்த முள் ஏறி இறங்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீட்டரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தான். பழைய மீட்டர், ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளுக்குள் அது பொய் என்று தெரிந்தது. காது மடல் சுட்டது.

சாயங்காலம் டாக்டர் வந்து வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். பாட்டு ஓடியது, நின்றது. இவன் வெளியே நின்று கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இருந்த நிறம் ஒவ்வொரு சொட்டாக வடிவதுபோல இறங்கியது. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

“இப்ப வார்த்தையெல்லாம் தெரியுது” என்றார்.

“அதாங்க பூஸ்டரு” என்று சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை.

*

கொஞ்ச நாள் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அந்தக் கார் கடை வாசலுக்கு வந்து நின்றது. கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தன. மழை உள்ளே அடித்து, இருக்கைகளில் தண்ணீர் தேங்கி, டாக்டரின் வெள்ளைக் கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. கிளினிக்கில் போடுகிற முகக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லாமல் வந்திருந்தார். கடைக்குள் வந்து சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த கை, சாவியை விட்டுத் தள்ளிப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

முகக்கவசத்துக்குள்ளேயே பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். துணி உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான் இவனுக்குத் தெரிந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும் அதிர்வு மட்டும் பாதங்கள் வழியே ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார். பதில் வேண்டும் போலிருந்தது.

“சரிங்க” என்றான்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். உதடு வெளுத்திருந்தது.

“சரியா? நான் என்ன சொன்னேன்னு புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க. பாத்துடலாம்.”

“அன்னிக்கு நீங்களும் கேட்டீங்களே. அது என்ன சொல்லுச்சு, சொல்லுங்க.”

“சொல்லுச்சா?” என்றான். பிறகு சமாளித்துக்கொண்டு, “ஒயர் உரசற எரைச்சல்தாங்க அது” என்றான்.

டாக்டர் இமைக்காமல் பார்த்தார். சந்தேகம் வந்தது, அது போய்ப் புரிதல் வந்தது, கடைசியில் இவன் எதைப் பார்க்கக் கூடாது என்று இவ்வளவு காலம் ஒளிந்து திரிந்தானோ, அது வந்தது. இரக்கம். முகத்தில் தண்ணீர் வழிய, தொப்பலாக நனைந்து, பயந்துபோய் நின்ற ஒருத்தர் இவனைப் பார்த்து இரக்கப்பட்டார்.

“உங்களுக்குக் காது கேக்காதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மழைச் சத்தம்ங்க” என்றான். “வண்டிய விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல பண்ணித் தரேன்.”

“அவசரமே இல்ல. எனக்கு இந்த வண்டியே வேண்டாம்.” அவர் வேண்டுமென்றே வாயைப் பெரிதாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அது இவனை இன்னும் கூசச் செய்தது. “ஸ்டீரியோவ அணைச்சாலும் பேசுது. கேட்டுக்கிட்டே இருக்கும், கேக்குதா கேக்குதான்னு. ஒரு நாளும் நான் பதில் சொன்னதில்ல. நீங்கதான் அன்னிக்கு வண்டிக்குள்ள உக்காந்து, கேட்டுச்சுன்னு சொன்னீங்க. அதுல இருந்து அது உங்களத்தான் விசாரிக்குது. நீங்க யாரு, உங்க வீட்டுல யாரு இருக்காங்கன்னு. உள்ள உக்காந்து எதுக்கும் பதில் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு.”

குடையில்லாமலே மழையில் இறங்கி நடந்தார். தெருத் திருப்பம் வரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

படிச்சவங்க, இப்படியெல்லாமா பேசுவாங்க என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு நிற்கவில்லை. பயத்தைவிட அவனை உறுத்தியது, அவர் போய் யாரிடமாவது சொல்லிவிடுவாரே என்பதுதான். பாம்புக்காதுக்குக் காது செவிடாம். கிளினிக்கில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுச் சிரிப்பார்கள். உரசல் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, டாக்டரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ‘பாருங்க, ஒயர்தான்’ என்று சொல்லிவிட்டால் போதும். அந்த இரக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காரை உள்ளே ஏற்றினான். ஷட்டரைப் பாதி இறக்கினான். மழைக்கு என்று ஒரு சாக்கு. யாரும் பார்க்கக் கூடாது என்பது நிஜம். டியூப்லைட்டின் வெளிச்சம் காரின் கூரையில் பட்டு வழுக்கி, இருக்கைகளின் அடியில் இருட்டைக் குவித்து வைத்திருந்தது. ஈர ரெக்சின் வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது. ரொம்ப நாள் மூடியிருந்த வாயைத் திறந்ததும் வருமே, அந்த வாடை.

ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து, கையை இருக்கைக்கு அடியில் விட்டுப் பூஸ்டரின் முனைகளைப் பிடுங்கினான். மீட்டரை ஸ்பீக்கர் ஒயரில் வைத்தான். முள் எழுந்தது, தாழ்ந்தது. ஆம்பின் ஃப்யூஸைக் கழற்றினான். முள் எழுந்தது. இறங்கிப் போய், முன்மூடியைத் தூக்கி, பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றி, செத்த பாம்பைப் போல ஓரமாக மடக்கிப் போட்டான். திரும்ப வந்து உட்கார்ந்தான். கதவு விளக்கு எரியவில்லை. காரில் மின்சாரம் என்று ஒரு துளி இல்லை.

முள் எழுந்தது.

மீட்டரை எடுத்துவிட்டான். அது பழையது. நம்ப முடியாது. கதவின் ஸ்பீக்கர் மூடியை நெம்பிக் கழற்றி, கருப்புக் காகிதக் கூம்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். சின்ன வயதில் வேலை பழகும்போது இப்படித்தான் கையை வைத்துப் பார்ப்பான்.

கூம்பு அசைந்தது.

முதலில் மெல்ல, பூனையின் விலாபோல. உள்ளங்கையை முன்னுக்குத் தள்ளி, பின்வாங்கி, மறுபடி தள்ளியது. காகிதம் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் ஈரமாகவும். வண்டி மழையில் நனைந்ததால்தான் ஈரம் என்று நினைக்கத் தொடங்கியபோது, அந்த அசைவு மாறியது. மூச்சு நின்றது. வேறொன்று தொடங்கியது. குட்டிக் குட்டியாக. விட்டு விட்டு. ஒரு தட்டு. இன்னொன்று. இழுத்து ஒன்று. பிறகு இடைவெளி. காத்திருக்கிற இடைவெளி.

மறுபடி அதே.

கே. கு. தா.

கையை எடுக்க நினைத்தான். எடுக்கவில்லை. எடுத்தால் அது பேசுவது தெரியாமல் போய்விடும். அதைவிட மோசம் வேறில்லை என்று தோன்றியது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டான். பதில் சொல்லாதே. சும்மா இரு.

அப்போது ஷட்டருக்கு அடியில் ஒரு குடை நுழைந்தது.

அவன் மனைவி அடுத்த தெருவில் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். தினமும் வேலை முடிந்ததும் இங்கே வந்து, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவது வழக்கம். குனிந்து உள்ளே வந்து, குடையைச் சுருக்கி உதறி, காரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏதோ சொல்லிக்கொண்டே அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் அதைக் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, குளிருக்கு உள்ளங்கைகளைத் தேய்த்தபடி கதவைச் சாத்தினாள்.

அவனுக்கு இடப்பக்கம். செத்த காதின் பக்கம்.

“சீட்டெல்லாம் ஈரமா இருக்கு” என்றாள். உதட்டில் படித்தான். “இதுதான் அந்தப் பல் டாக்டர் வண்டியா? ஏங்க, மொகம் ஏன் இப்படி…”

நிறுத்தினாள். தலையைத் திருப்பி, தன் பக்கத்துக் கதவைப் பார்த்தாள்.

அவன் உள்ளங்கையின் கீழே கூம்பு படபடத்தது. இப்போது அந்த மூன்று தட்டு இல்லை. நீளமாக. நிறுத்தாமல். யாரோ உட்கார்ந்து நிதானமாக விஷயத்தைச் சொல்வதுபோல.

“யாருங்க லைன்ல?” என்று சிரித்த முகமாகவே கேட்டாள். அவன் மடியில் கைப்பேசி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுபடி கதவைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. பிறகு அதுவும் போனது.

“எறங்கு” என்றான். “எறங்கு, போலாம்.”

அவள் காதில் அது விழவில்லை. கவனமெல்லாம் அங்கே இருந்தது. கேட்கக் கேட்க அவள் கை தானாக எழுந்து, அவன் சட்டைக் கையைப் பற்றியது. பற்றி, முறுக்கியது. கதவுப் பக்கம் திரும்பியே அவளும் ஏதோ பேசினாள். பின்னந்தலையும் ஈரக் கூந்தலும் ஆடும் தாடையும்தான் அவனுக்குத் தெரிந்தன. அவளுக்கு அது பதில் சொல்லியிருக்க வேண்டும். தோள்கள் ஒடுங்கின. டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டி எரிந்தது.

பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

கண்கள் நிறைந்திருந்தன. உதடு நடுங்கியதில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. பாதிதான் படிக்க முடிந்தது. “உங்களத்தான்… கேக்குது… சொல்லுங்க…”

கூம்பு நின்றது.

காத்திருந்தது.

‘எனக்குக் காது கேக்கலம்மா.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகிவிடும். இவள் சிரிக்க மாட்டாள். அவனுக்கு அது தெரியும். ஆனால் சற்று முன் டாக்டரின் முகத்தில் வந்தது இவள் முகத்திலும் வரும். நடக்கும்போது ஏன் எப்போதும் இடப்பக்கமே வந்தான் என்று புரிந்துகொள்வாள். எத்தனை நாள் பேச்சுக்கு வெறுமனே தலையாட்டியிருக்கிறான் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். இவ்வளவு காலம் பொய்யாகத் தலையாட்டியவனோடு குடித்தனம் நடத்தினோம் என்று நினைப்பாள்.

அவள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். உதடு தெளிவாகவே அசைந்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்கக் கூசி, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூளை ஒன்றும் யோசிக்கவில்லை. முகம் எரிந்தது. எப்போதும் தப்பித்துப் போகிற வழியில் வாய் தானாகவே போனது.

“சரி” என்றான்.

சட்டைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் நின்றன.

நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பயம்கூட இல்லை. நம்பமுடியாத ஒரு ஆச்சரியம். “சரியா?” என்று உதடு அசைந்தது. “என்னைய… தரேன்னு… சரின்னா சொன்னீங்க?”

பின்பு, பஞ்சை உருவி எடுத்ததுபோல, அவன் இடக்காது திறந்தது.

மழை கேட்டது. தகரத்தில் விழுகிற மழை வேறு, தரையில் விழுகிற மழை வேறு, குடையிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும் வேறு வேறாகக் கேட்டது. டியூப்லைட்டின் ரீங்காரம் கேட்டது. தெருக்கோடியில் யாரோ சைக்கிள் தள்ளிப் போவதும், அதன் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் உரசுவதும் கேட்டது. எங்கோ ஒரு குருவி. இத்தனை காலம் போயிருந்தது எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், சுத்தமாக, கழுவித் துடைத்து வைத்ததுபோலத் திரும்பி வந்தது. தன்னையறியாமல் அவனுக்குக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரில் சந்தோஷம் இருந்தது. அதற்காக வாழ்நாள் முழுக்க வெட்கப்படப் போகிறான் என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரியவில்லை.

அவளைப் பார்த்துத் திரும்பினான். சொல்லிவிடலாம். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை.

மழை கேட்டது. சைக்கிள் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை. வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறாள். ஒன்றும் இல்லை. மூச்சுக்கூட இல்லை. கைகளால் தொண்டையைப் பிடித்தாள். கண்கள் அவனைத் தேடின, கண்டன, பிடித்துக்கொண்டன. மெல்ல மெல்ல அந்தப் பிடி தளர்ந்தது. யாரோ உள்ளிருந்து விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவதுபோல.

கைகள் மடியில் விழுந்தன.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அவன் உள்ளங்கையின் கீழே, மின்சாரம் இல்லாத அந்தக் காகிதக் கூம்பு நடுங்கியது. அதிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல். ரொம்ப ஆழத்தில் எங்கோ இருந்து, இருட்டில் சுவரைத் தடவித் தடவி வருகிற குரல். அதன் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. சகரங்கள்கூட.

“என்னங்க,” என்று அவன் மனைவியின் குரல் அழுதது. “எங்க இருக்கீங்க? இங்க ரொம்பப் பேரு இருக்காங்க. என்னங்க.”

கையை எடுக்க முடியவில்லை. அழுத்திப் பிடித்தான். கூம்பு கிழிந்துவிடும் என்று பிடியைத் தளர்த்தினான். அவள் அங்கே இருந்தாள். கிழியக் கூடாது.

இடப்பக்கம் ரெக்சின் நெரிந்தது.

அவன் திரும்பவில்லை. எதிரே கண்ணாடியில் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் அவன் மனைவி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கண்கள் அவனைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். மூடினாள். உதடுகளைக் குவித்தாள். நாக்கை மேல் பல்லில் வைத்துப் பார்த்து எடுத்தாள். கன்னத்தை உப்பினாள். புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிறவர்களைப் போல, அவசரமே இல்லாமல், அந்த முகத்தின் ஒவ்வொரு தசையையும் இழுத்தும் தளர்த்தியும், சத்தமில்லாமல், அவளுடைய வாய் பேசப் பழகிக்கொண்டிருந்தது.